பதினான்காம் பக்கத்துப் பிழை

கிரிம்ஸ்பியில் பிப்ரவரி.
ஜன்னல் இடுக்கில் நுழைந்த துறைமுகக் காற்று
மேசைமேல் கிடந்த விலைப்பட்டியலைத்
தானே புரட்டிப் பார்க்கிறது.
அதற்கும் எதுவும் பிடிக்கவில்லை போலும்.

கையில் இருநூற்றெண்பது பவுண்டு.
ஒவ்வொரு தலைப்பிலும் ஆறு பிரதிகள் வேண்டும்,
ஒரு மேசையைச் சுற்றி ஆறு பேர் என்பதால்.
வயது பதினான்கு. வாசிப்பு ஏழு.
இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே
ஒரு புத்தகம் நிற்க வேண்டும்,
யாரையும் கூனவைக்காமல்.

எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கு
உலகம் எப்போதும் ஒரு தவளையைத்தான் நீட்டுகிறது.
தொப்பி போட்ட தவளை.
கேக் சுடும் தவளை.
போன வாரம் லேஸி மே அதை
இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினாள்.
"மிஸ், சனிக்கிழமையெல்லாம்
என் தம்பிக்கு நான்தான் டயப்பர் மாற்றுகிறேன்.
இது அவனுடைய புத்தகம்."

முதுகில் நிறப்பொட்டு வேறு.
மஞ்சள் என்றால் என்னவென்று
பள்ளி முழுக்கத் தெரியும், சமையற்கட்டு வரைக்கும்.
நகத்தால் சுரண்டினேன்.
காகிதம் போனது, பசை போகவில்லை.
பையில் போட்டால்
மற்ற புத்தகங்களோடு ஒட்டிக்கொள்கிறது.

ஆகையால் இந்த முறை கதை வேண்டாம் என்றிருக்கிறேன்.
மெய்யான பொருள்கள். புகைப்படங்கள்.
லண்டன் சாக்கடைக்குள் பாறையாக இறுகிய
கொழுப்பைப் பற்றி ஒன்று: எடுத்துக்கொண்டேன்,
நாற்றம் அட்டையிலேயே அடித்தது.
பிரமிடு: அழகுதான்.
ஒரே பத்தியில் ஏழு அரசர்கள்,
ஒருவர் பெயரும் வாயில் நுழையாது.
சுறா: வாக்கியங்கள் குட்டையாக இருந்தன,
ஆனால் ஒவ்வொன்றும்
கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே பேசியது.
சின்ன வாக்கியம் வேறு,
சின்னப்பிள்ளை வாக்கியம் வேறு.
இதற்குப் பட்டியலில் கட்டம் கிடையாது.

ஜென்சன் மழைக்கு ஒதுங்கினான்.
படிக்க வரவில்லை, முதலிலேயே சொல்லிவிட்டான்.
ரேடியேட்டரில் முதுகை வைத்து
வேண்டாதவற்றின் குவியலிலிருந்து ஒன்றை உருவினான்:
கடல் காற்றாலைகள், முப்பத்திரண்டு பக்கம்.
எழுத்து பொடியென்று நான் ஒதுக்கியது.

பக்கம் திரும்பும் ஓசை நின்றது.
நிமிர்ந்தேன்.
ஒரு வரிக்கு அடியில் அவன் விரல்
எறும்பாய் ஊர்ந்து,
முற்றுப்புள்ளியைத் தொட்டு,
மறுபடி வரியின் தலைக்கே போனது.
இரண்டாம் முறை.
எந்த வரியையும் அவன் இரண்டாம் முறை படித்து
நான் கண்டதில்லை.

"பொய்," என்றான்.
"இறக்கை எஃகாம். கோபுரம்தான் எஃகு.
கீலி அதில் ஏறுகிறாள், என் அக்கா.
இறக்கைக்குள் தவழ்ந்தே போயிருக்கிறாள்.
அது கண்ணாடியிழை."

பின்பக்கத்துக்குப் போனான்.
பொருளடைவு என்று ஒன்று இருப்பதையே
மூன்று ஆண்டாக என்னிடம் மறுத்தவன்
அகரவரிசையை முணுமுணுத்துக்கொண்டு இறங்கினான்.
இறக்கை: பதினான்கு, இருபத்தாறு.
இருபத்தாறில் படத்துக்குக் கீழே
நான்கு சொற்கள். உதட்டை அசைத்து, தடுக்கி,
"கண்... கண்ணாடி... யிழை."
புத்தகம் தன்னையே மறுத்துக்கொண்டிருந்தது.
அவன் முகத்தில்
யாரையோ கையும் களவுமாய்ப் பிடித்த வெளிச்சம்.

என் படிவத்தில் துல்லியம் என்று ஒரு பத்தி உண்டு.
பிழையுள்ள நூலை வாங்கக் கூடாது.
அந்த விதியை எழுதியவளே நான்.

"ஜென்சன், அது மாதிரிப் பிரதி,
அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும்..."

பேனா ஏற்கெனவே இறங்கியிருந்தது.
எஃகின்மேல் ஒரு கோடு, தாள் கிழியும் அழுத்தத்தில்.
ஓரத்தில் 'தவறு' என்று ஆங்கிலத்தில்,
முதலில் நிற்கும் ஊமை எழுத்தை விட்டுவிட்டு.

நான் அதைத் திருத்தவில்லை.
படிவத்தை எடுத்து ஆறு பிரதிகள் என்று நிரப்பினேன்.
பிறகு அடித்தேன்.
ஐந்து போதும்.